தோட்டத்துக்குள் ஓடும் மலைப்பாதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி கேட்டவர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர். அவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: லிந்தாங் சாலையிலிருந்து பிரியும் செம்மண் சடக்கில் நுழைந்து, ஒரு செம்பனைத் தோட்டத்தைக் கடந்து, அதன் பின்னால் இருக்கும் காட்டுமலைக்கு அவரும் நண்பர்களும் 30 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஏறிவந்திருக்கிறார்கள். அந்த இடம் பால்மரக் காடாக இருந்த காலத்தில் அவருடைய தந்தையார் அங்கேயே பால் வெட்டியவர். சென்ற ஆண்டு தோட்டம் கைமாறியதும் சடக்கின் குறுக்கே இரும்புக் கதவும் சங்கிலியும் வந்துவிட்டன; காவலுக்கு ஒரு ஜாகாவும் உட்கார்ந்துவிட்டார். 30 ஆண்டு நடந்த பாதை தங்களுக்கு உரிமையாகிவிடவில்லையா என்று கேட்கிறார். ஸ்காட்லாந்தில் படிக்கும் தம் மகன், அங்கே யாருடைய நிலத்திலும் நடக்கலாம் என்கிறானே, இங்கே மட்டும் ஏன் முடியாது என்றும் கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமையாகிவிடவில்லை. 30 அல்ல, 70 ஆண்டு நடந்திருந்தாலும் ஆகாது. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. நானும் அதே மலையடிவாரத்தில் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் நில அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், "இது நாங்கள் காலங்காலமாக நடந்த வழி" என்ற ஒரே வாதத்தோடு முகப்பில் வந்து நின்று, வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாதம் எங்கே அடிபடுகிறது என்று தெரிந்தால்தான் அடிபடாத வழி எது என்பதும் தெரியும்.

தீபகற்ப மலேசியாவின் நிலங்களை ஆளுவது 1966 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத் தொகுப்பு. (சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.) இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு, 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறை. நிலத்தின் மீது யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்ல வேண்டும். பதிவேட்டில் இல்லாததை ஊர் வாயால் சொல்லி நிலைநாட்ட முடியாது. நடைவழி விஷயத்தில் இதை இன்னும் வெளிப்படையாகவே 284-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது: நீண்ட காலம் இடையறாமல் பயன்படுத்தி வந்ததை மட்டும் வைத்து, எப்போதோ அனுமதி தரப்பட்டிருக்கும் என்று ஊகித்து, வசதியுரிமை எதையும் பெற முடியாது. நிலத்தைப் பிடித்துவைத்திருப்பதற்கும் இதே நிலைதான். எத்தனை காலம் அனுபவித்தாலும் உரிமையாளர் அதை மீட்டெடுப்பதற்கு அது தடையாகாது என்பது 341-ஆம் பிரிவு.

வசதியுரிமை என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 282-ஆம் பிரிவின்படி அது ஒரு நில உரிமையாளர் இன்னொரு நில உரிமையாளருக்கு, அவருடைய நிலத்தின் நன்மைக்காகக் கொடுப்பது. உங்கள் டுரியான் தோப்புக்குப் போகப் பக்கத்து நிலத்துக்காரர் வழி கொடுத்து, அதை இரண்டு பட்டாவிலும் பதிந்தால் அது வசதியுரிமை. ஊராரோ மலையேறும் குழுவோ எந்த நிலத்தின் உரிமையாளராகவும் அங்கே வருவதில்லை. ஆகவே அவர்கள் பெயரில் வசதியுரிமை பிறக்கவே இடமில்லை. அப்படியானால் 30 ஆண்டு நடந்ததற்கு என்ன பெயர்? அனுமதி. யாரும் வாய்திறந்து கொடுக்காத, ஆனால் யாரும் தடுக்காததால் இருந்துவந்த அனுமதி. கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம், நிலம் கைமாறினால் புதியவர் அதற்குக் கட்டுப்பட்டவரும் அல்லர்.

தந்தையார் பால் வெட்டிய கதையை இதோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. எனக்கும் அந்த உணர்ச்சி புரிகிறது. ஆனால் தோட்டத்துக்குள் நம் பெரியவர்கள் தங்கள் இஷ்டப்படி நடந்தார்கள் என்ற நினைவைக் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் அங்கேயும் ஒரு கதவு நிற்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்கம்பி கட்டினார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போவதற்கும் நேரம், திரும்புவதற்கும் நேரம். பொழுது சாய்ந்த பிறகு வேலிக்கு வெளியே காலை வைத்தால் சுடுவார்கள் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. நாம் தாராளமாக நடந்த காலம் அதற்குப் பிந்தியது. அதுவும் அங்கே குடியிருந்த தொழிலாளர் என்ற முறையில். வேலையும் லயமும் போன பிறகு அந்த முறையும் போய்விட்டது.

ஸ்காட்லாந்துக்கு வருவோம். மகன் சொல்வது ஏறக்குறைய சரி. 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் உலவும் உரிமையைத் தருகிறது. வீட்டை ஒட்டிய தோட்டமும் பயிர் நிற்கும் வயலும் அதில் சேரா. நார்வே 1957-லேயே இதைச் சட்டமாக்கியது. சுவீடன் பழைய வழக்கத்தை 1994-இல் அரசமைப்புச் சட்டத்திலேயே குறிப்பிட்டது. இங்கிலாந்து வேறு மாதிரி: அங்கே ஒரு தடத்தைப் பொதுமக்கள் 20 ஆண்டு தடையின்றிப் பயன்படுத்தினால், உரிமையாளர் அதைப் பொதுவழியாக விட்டுவிட்டார் என்று கொள்ள 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தருகிறது. நண்பரின் மனத்தில் இருப்பது உண்மையில் இந்த இங்கிலாந்து விதிதான். நம் சட்டம் கதவடைத்தது சரியாக அந்த இடத்தில்தான். அங்கேயும் எல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24-இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேட்டைக் காவலர்களை மீறி ஏறினார்கள்; அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டுநிலங்களில் பரவலாக நடக்கும் உரிமை சட்டமானது 2000-இல். 68 ஆண்டு ஆகியிருக்கிறது.

நம் ஊர்க் கதவைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால்வைத்தாலே அது உரிமையியல் தவறு. உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கலாம். அது குற்றமாக வேண்டுமானால் குற்றவியல் சட்டத்தின் 441-ஆம் பிரிவின்படி ஒரு நோக்கம் வேண்டும்: குற்றம் செய்யவோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். அதற்குத் தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறும் நடைக்கு இது பொருந்தாது என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பலகை வைத்து, கதவடைத்து, ஆள் நிறுத்தித் தடுத்த பிறகும் ஏறிக் குதித்துவிட்டு, தொல்லைப்படுத்தும் எண்ணம் இல்லை என்று வாதாடுவது கடினம். ஜாகாவுக்கும் எல்லை உண்டு. அவர் உங்களைத் திருப்பி அனுப்பலாம். உங்கள் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு கதவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்தின் எல்லை முடிந்து மரங்கள் அடர்ந்த உடனே "இனிக் காடு, யாரும் கேட்கமாட்டார்கள்" என்று நினைக்கிறோம். அந்த மலை நிரந்தரக் காப்புக் காடாக இருந்தால், 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி உள்ளே நுழையப் பெர்மிட் வேண்டும். இல்லாமல் போனால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பதிவுபெற்ற மலை வழிகாட்டி (மாலிம் குனோங்) ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். தோட்டத்துக்காரரிடம் உரிமை பேசப் போகும் குழுவிடம் வனத்துறைப் பெர்மிட்டே இல்லை என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் முதலில் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு பிறகு கதவுக்குப் போவதே சரியான வரிசை.

அடிபடாத வழிகளில் முதலாவது வரைபடத்தில் இருக்கிறது. பட்டா ஒன்றாகத் தெரியும் தோட்டத்தைப் பெரும்பாலும் தனித்தனி எண்ணுள்ள பல நிலத்துண்டுகள் (லாட்டுகள்) சேர்ந்து உருவாக்கியிருக்கும். அந்த லாட்டுகளுக்கு நடுவே மாநில அரசின் ஒதுக்கு நிலங்கள் நூலிழைபோல் ஓடும். சாலை ஒதுக்கு, ஆற்று ஒதுக்கு, பழைய ரயில் ஒதுக்கு என்று பல வகை. அவை தோட்டத்துக்குச் சொந்தமானவை அல்ல, தோட்டம் அவற்றில் பனை நட்டிருந்தாலும் கூட. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி எவரும் தனித் தேடல் செய்து பட்டாப் பதிவைப் பார்க்கலாம். நில அளவைத் துறையில் அந்த லாட்டின் சான்றளிக்கப்பட்ட வரைபடத்தையும் விலைக்கு வாங்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. வேண்டியது லாட் எண்ணும், ஒரு மத்தியானப் பொழுதும், கொஞ்சம் பொறுமையும்.

எங்கள் குழுவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் பாதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் மூடிக்கொண்டது. காலை ஆறே முக்காலுக்குப் போய் நிற்கிறோம், புதுச் சங்கிலி, பூட்டில் எண்ணெய் கூடக் காயவில்லை. ஜாகா நேப்பாளக்காரர், மரியாதையானவர். "தாக் போலே மாசுக், அங்க்கல்" (உள்ளே போகக் கூடாது, அங்கிள்) என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ஒரு நாற்காலியையும் நகர்த்திப் போட்டார். எங்களோடு வந்த பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான்தான் அவரைத் திருப்பிக் கூட்டிவந்தேன். அந்த வாரமே வரைபடத்தை வாங்கி என் வீட்டு மேசையில் விரித்தேன். நாங்கள் 20 ஆண்டாக நடந்த தடம் எந்த ஒதுக்கிலும் இல்லை. முழுக்க முழுக்கத் தோட்டத்து லாட்டுக்குள்தான் ஓடியது. ஆனால் ஓடைக்கு அக்கரையில், ஒரு சங்கிலி அகலத்துக்கு, அதாவது 66 அடிக்கு, ஒரு சாலை ஒதுக்கு பொதுச் சாலையிலிருந்து கிளம்பிக் காட்டு எல்லை வரை நேராகப் போயிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கோடு போட்டு, கடைசிவரை சாலை போடாமலே விட்ட ஒதுக்கு.

அதைத் தரையில் தேடிப் போனது ஒரு தனிக் கதை. பொதுச் சாலையோரத்திலிருந்து இறங்கி, அல்லூரைத் தாண்டி, லாலானும் பெரணியும் தோளளவு நின்ற இடத்தில் பாராங் கத்தியால் விலக்கிக்கொண்டு போனோம். கடைசியில் ஓர் எல்லைக்கல் தட்டுப்பட்டது. முழங்கால் மண்ணில் பட உட்கார்ந்து, பாசியைத் தண்ணீர் விட்டு விரலால் தேய்க்கத் தேய்க்க, கல்லின் தலையில் வெட்டியிருந்த குறி மெல்லத் தெரிந்தது. அதிலிருந்து அடுத்த கல்லின் திசையைப் பார்த்தால், ஒதுக்கின் நடுவிலேயே இரண்டு நிரை செம்பனை, பத்துப் பன்னிரண்டு வயது மரங்கள், குலையோடு நிற்கின்றன. எல்லை தெரியாமல் நட்டிருக்கலாம், தெரிந்தும் நட்டிருக்கலாம்; அந்த ஆராய்ச்சியில் நாங்கள் இறங்கவில்லை. அரசு நிலத்தை அனுமதியின்றி அனுபவிப்பது 425-ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததை உரக்கச் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு பயன் உண்டு.

ஆற்றோரம் நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இருக்கலாம். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியின்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர், 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர் என்று ஒதுக்கு விடவேண்டும். ஆனால் எல்லா ஆற்றுக்கும் அந்த ஒதுக்கு அரசிதழில் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய பட்டா சிலவற்றில் லாட்டின் கோடு கரை வரைக்கும் வந்து முட்டும். இங்கேயும் வரைபடமே பதில் சொல்ல வேண்டும்.

ஒதுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் சட்டத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. நிலச் சட்டத்தின் 28-ஆம் பகுதி, "நில நிர்வாகியின் வழியுரிமை" என்று ஒன்றை உருவாக்க மாவட்ட நில நிர்வாகிக்கு அதிகாரம் தருகிறது. அதில் தனியாருக்கானது ஒன்று, பொதுமக்களுக்கானது ஒன்று. விண்ணப்பம் வந்தால் அவர் விசாரணை நடத்தி, நிலத்துக்காரர் சொல்வதையும் கேட்டு, அவருக்கு நேரும் இழப்புக்கு ஈடும் முடிவு செய்து, வழியைப் பட்டாவில் குறிக்கலாம். அப்படிக் குறித்த வழி நிலம் எத்தனை கை மாறினாலும் நிற்கும். யாரும் சங்கிலி போட முடியாது. கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? சிக்கல் என்னவென்றால், இந்தப் பகுதியை எழுதியவர்கள் மனத்தில் உல்லாச நடை இருந்திருக்கவில்லை. மற்றவர் நிலத்தால் சூழப்பட்டு வெளியேற வழியில்லாத நிலத்தையும், கம்பத்து மக்கள் சாலைக்கு வர வேண்டியதையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். சட்டம் "பொது முனையம்" என்று கருதுவது பொதுச் சாலை, ஆறு, ரயில் நிலையம், கடற்கரை போன்றவற்றை. மலையுச்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே "மலையேற வழி வேண்டும்" என்று எழுதாமல், சாலையிலிருந்து ஆற்றுக்கோ, ஒதுக்கு நிலத்துக்கோ, வழியில் இருக்கும் கோயில் நிலத்துக்கோ போய்வர வழி வேண்டும் என்று உண்மையாகவே எழுத முடிகிறதா என்று பாருங்கள். வட்டாரத் தலைவரான பென்ஹுலுவின் ஆதரவுக் கடிதமும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் கடிதமும் கூட வந்தால் கோப்பு நகரும். காலம் பிடிக்கும், என் அனுபவத்தில் இதை நம்பி மட்டும் உட்கார்ந்திருப்பது சரியல்ல.

ஆகவே, நடப்பில் நான் பரிந்துரைப்பது தோட்டத்துக்காரரிடமே எழுத்தில் வாங்குவது. இங்கேயும் நாம் அவர்கள் பக்கம் நின்று ஒரு முறை பார்க்க வேண்டும். எங்கள் விஷயத்தில் கோபம் தணிந்த பிறகு உதவி நிர்வாகியைப் பார்க்கப் போனேன். நம் பிள்ளைதான், முப்பது வயது இருக்கும். அலுவலக மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"ஐயா, நீங்க நடக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இதப் பாருங்க. போன மாசம் ஞாயித்துக்கெழமைல மட்டும் குலை எவ்வளவு காணாம போயிருக்குன்னு எழுதி வச்சிருக்கேன். கதவ தொறந்து வுட்டா மோட்டார் உள்ள வரும். கேள்வி எனக்குத்தான் ஐயா வரும்."

"எங்க ஆளுங்க யாரும் மோட்டார்ல வர்றதில்லையே, தம்பி?"

"அது எனக்குத் தெரியும். எங்க பெரிய ஆபிசுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முற்றிய குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். திருடுபவனுக்கு அது காசு. இன்னொரு பயமும் உண்டு, அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. உயர்ந்த மரத்தில் அரிவாள் கட்டிய நீளக் கம்பால் மட்டையை அறுக்கும் நேரத்தில் கீழே போகிறவர் மேல் அது விழுந்தால்? மருந்து தெளித்த தீம்பாரில், அதாவது தோட்டப் பிரிவில், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால்? நம் நாட்டில் நிலத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கென்று தனிச் சட்டம் கிடையாது. இங்கிலாந்து அதை 1957-இல் சட்டமாக்கியது. நம்முடைய 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் எடுத்துக்கொண்டது அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தை. ஆகவே அழைக்கப்பட்டு வந்தவர், அனுமதி பெற்று வந்தவர், அத்துமீறி வந்தவர் என்ற பழைய மூன்று தரமே இங்கே இன்னும் பேசப்படுகிறது. அத்துமீறி வந்தவருக்கு உரிமையாளர் காட்டவேண்டிய அக்கறை மிகக் குறைவு. அனுமதி தந்துவிட்டால் அது கூடுகிறது. காசு வாங்கிவிட்டால் இன்னும் கூடுகிறது. "எதற்கு வம்பு, மூடிவிடு" என்று வழக்கறிஞர்கள் தோட்டத்துக்குச் சொல்வதன் காரணம் இதுதான். கட்டணம் கொடுத்துவிடுகிறோம் என்று நாம் தாராளம் காட்டுவது அவர்களுக்கு உதவியாக இருப்பதில்லை, உபத்திரவமாகவே இருக்கும்.

எங்கள் கடிதம் ஒரே பக்கம். ஞாயிறு காலை ஆறரை முதல் நண்பகல் வரை மட்டும். சனிக்கிழமை மாலைக்குள் பெயர்ப் பட்டியல் ஜாகாவிடம் போய்ச் சேர வேண்டும். மோட்டார் கிடையாது, நாய் கிடையாது. ஒன்பதாம் தீம்பாரின் ஓரமாக மட்டுமே நடப்போம். மருந்து தெளிக்கும் வாரத்தில் முன்னறிவிப்புத் தந்தால் வரமாட்டோம். குழுக் காப்புறுதி எங்கள் செலவு. கட்டணம் எதுவும் இல்லை. 30 நாள் அறிவிப்பில் அவர்கள் இதை நிறுத்தலாம். கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: இந்த அனுமதியால் நிலத்தின் மீது எங்களுக்கு எந்த உரிமையும் உண்டாகாது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அந்த வரி பிடிக்கவில்லை, சரணாகதி என்றார்கள். 284-ஆம் பிரிவு ஏற்கெனவே எடுத்துக்கொண்டதைத்தான் நாம் கொடுக்கிறோம், நம் கையிலிருந்து ஒரு காசு குறையவில்லை என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. பெரிய ஆபிசில் கையெழுத்து விழுந்ததே அந்த வரிக்காகத்தான் என்று பின்னால் அந்தத் தம்பி சொன்னார்.

பேச்சுக்கே வராத தோட்டமாக இருந்தால் இன்னொரு பிடி உண்டு. செம்பனை எண்ணெய்க்கான மலேசியச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். வெளிநாட்டுச் சந்தைக்கு விற்பவர்கள் 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற பன்னாட்டுச் செம்பனை எண்ணெய் அமைப்பின் சான்றிதழையும் வைத்திருப்பார்கள். இரண்டிலும் சுற்றுவட்டாரத்து மக்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்த வேண்டும், அவர்கள் தரும் புகார்களைப் பதிவு செய்து பதில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எழுத்தில் கொடுத்த கோரிக்கை அந்தப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த முறை வரும் தணிக்கையாளர் அதைப் புரட்டிப் பார்ப்பார். கதவருகே நின்று கத்தியது எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

கடிதத்தின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. அது அந்த உரிமையாளரோடு முடியும். தோட்டம் மறுபடி விற்கப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைவிட உறுதியானது வேண்டுமென்றால் குத்தகைதான். 221-ஆம் பிரிவின்படி நிலத்தின் ஒரு பகுதியை 30 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம். பதிவு செய்தால் வாங்குபவரையும் அது கட்டும். நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ மூன்று மீட்டர் அகலத் துண்டைப் பெயரளவு வாடகைக்கு எடுத்துப் பாதையாகப் பராமரிப்பது சட்டப்படி முடியாத காரியமே அல்ல. செமினி பக்கத்து புரோகா மலைபோல், செம்பனைக்குள் நுழைந்து ஏறும் மலைகளில் விடுமுறை நாள் கூட்டம் அலைமோதும்போதுதான் இதெல்லாம் மன்றங்களின் கண்ணில் படுகிறது. நம் மலைகளில் இன்னும் கூட்டம் இல்லை, அதனால் இப்போதே கேட்டு வைக்கலாம்.

தோட்டம் வீடமைப்புக்கு மாறப் போகிறது என்று காதில் விழுந்தால் மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். நிலத்தை அரசிடம் சரணளித்துப் புதிய பட்டாவாகத் திரும்பப் பெறும் அந்தக் கட்டத்தில்தான் சாலைக்கும் திறந்தவெளிக்கும் இடம் பிரித்து அரசிடம் விடுகிறார்கள். மாவட்ட உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் பாதையை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறித்து எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வீடு எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சுங்கை பிளஸ் மேற்புறத்தில் இருக்கும் தெமியார் என்ற ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் இந்தத் தடங்களில் நம் தோட்டங்களுக்கு முன்பிருந்தே நடப்பவர்கள். ஒராங் அஸ்லியின் பாரம்பரிய நில உரிமையை 2002-இல் சகோங் தாசி வழக்கில் உயர்நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அது பொழுதுபோக்குக்காக நடக்கும் நமக்குப் பொருந்தாது. "ஒராங் அஸ்லி போகலாம், நாங்கள் ஏன் போகக் கூடாது" என்று கதவருகே கேட்பது தவறு. அவர்களில் ஒருவரை முறையாகக் கூலி கொடுத்து வழிகாட்டியாக அழைத்துப் போவது சரி.

நண்பர் இப்போது செய்யவேண்டியது, கதவருகே இருக்கும் பலகையில் லாட் எண் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரரின் நில வரி ரசீதில் முக்கிம் (வட்டாரப் பிரிவு) பெயரும் அடுத்த லாட் எண்ணும் இருக்கும். அதை வைத்து வரைபடத்தை வாங்கி, உங்கள் தடத்தைக் கைப்பேசியில் பதிந்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். தரையில் சரிபார்க்கப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள், தோட்டத்து எல்லைக்கு வெளியே ஒதுக்கில் மட்டும் நில்லுங்கள். எல்லைக்கல் கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளலாம், பாசியைத் தேய்க்கலாம். அசைத்துப் பார்க்க வேண்டாம், அது குற்றம்.